மறுமுறை வருவோர்: மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரை

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. விழுப்புரம் என்றால் ரயில் ஜங்ஷனும் கரும்புக் காடும் நினைவுக்கு வருகின்றன. திண்டிவனம் என்றால் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிற ஊர். ஆனால் மரக்காணத்தில் தொடங்கிக் கோட்டக்குப்பம் வரை சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை அதை ஒட்டியே ஓடுகிறது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து அந்தச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போகிற கார்கள் அத்தனையும் இந்தக் கரையைத் தாண்டித்தான் போகின்றன. ஆனால் அவற்றில் மிகச் சிலவே இங்கே நிற்கின்றன. நின்றவற்றிலும் எத்தனை மறுமுறை நிற்கும்?

ஒருமுறை வருகிறவரை விளம்பரம் கூட்டி வரலாம், சினிமா கூட்டி வரலாம், கைப்பேசியில் பார்த்த ஒரு படம்கூடக் கூட்டி வரலாம். மறுமுறை வருகிறவரைக் கூட்டி வருவது அவருடைய சொந்த அனுபவம் மட்டுமே. அதனால்தான் சுற்றுலாவை ஆராய்கிறவர்கள் நாற்பது ஆண்டுகளாக இந்த ஒரு கேள்வியையே பல பக்கமிருந்தும் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டதில் எது நம் கரைக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1984இல் கிட்டெல்சன், கிராம்ப்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. பார்த்த இடத்துக்கே மனிதர்கள் மறுபடி போவதற்கு அவர்கள் ஐந்து காரணங்கள் சொன்னார்கள். புது இடத்துக்குப் போய் ஏமாறாமல் இருக்கலாம் என்பது ஒன்று. அங்கே நமக்கு ஒத்துவருகிற மனிதர்கள் இருப்பார்கள் என்ற உறுதி இரண்டாவது. மூன்றாவது, இடத்தின்மேல் விழுந்துவிட்ட பாசம். போன முறை விட்டுப்போனதைப் பார்க்கும் ஆசை நான்காவது. தான் அனுபவித்ததைத் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் காட்டவேண்டும் என்ற ஆசை ஐந்தாவது. இந்த ஐந்தில் எதுவும் நட்சத்திர ஓட்டலைப் பற்றியதில்லை, கவனித்தீர்களா? பெரும் செலவில் எழுப்பும் புதுக் கவர்ச்சிகளைப் பற்றியதும் இல்லை.

பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கம் நடந்தவை. மயோர்க்கா தீவுக்கும் துருக்கிக்கும் போன பிரிட்டிஷ் பயணிகளை 2001இல் ஒப்பிட்ட கோசக், மயோர்க்காவைப் போன்ற பழகிப்போன இடங்களில் முன்பு வந்துபோன பழக்கமே அடுத்த வருகையைத் தூண்டுவதில் கூடுதல் வலுவுள்ளது என்று கண்டார். வட சைப்ரஸில் யூன், உய்சால் இருவரும் 2005இல் செய்த ஆய்வு, மனநிறைவே விசுவாசத்துக்கு வழி என்றது. 2007இல் ஜாங், ஃபெங் இருவரும் காலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். சீக்கிரமே திரும்ப வரத் தூண்டுவது மனநிறைவு. சில ஆண்டுகள் கழித்து வரத் தூண்டுவது புதுமையின்மேல் உள்ள நாட்டம். இந்த முடிவு நமக்கு ரொம்பப் பயன்படும், பின்னால் பார்ப்போம்.

ஆனால் இந்த ஆய்வுகளில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. அவற்றில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்து, நாள்கணக்கில் ஓட்டலில் தங்கி, கிளம்பும்போது ஒரு படிவத்தைத் தனியாக நிரப்பிக் கொடுத்தவர்கள். நம் ஊரில் கடற்கரைக்கு வருவது தனி ஆள் இல்லை. வேனில் வருகிற குடும்பம். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, வயதுக்கு வந்த பெண், காலேஜ் படிக்கும் பையன் எல்லாரும் அதில் உண்டு. அப்படிப்பட்ட குடும்பம் மறுமுறை வருமா என்பதை அதிகம் ரசித்தவர் தீர்மானிப்பதில்லை. அதிகம் சிரமப்பட்டவரே தீர்மானிக்கிறார். பையன் அலையில் குதித்து மகிழ்ந்திருக்கலாம். ஐந்து மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா "இனிமே அங்க வேணாம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கரை அந்த வீட்டுக்கு முடிந்துபோன விஷயம். சராசரி மனநிறைவை எத்தனை நுட்பமாக அளந்தாலும் இது அதில் அகப்படாது.

இந்தப் பகுதியில் ஆண்டு தவறாமல் கடலுக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கரைக்கு மயிலம் முருகன் வருகிறார். தீவனூர் பொய்யாமொழி விநாயகர், செஞ்சி ரங்கநாதர், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர் சீனிவாசப் பெருமாள் என்று உள்நாட்டுச் சாமிகள் பலரும் தீர்த்தவாரிக்கு வந்து சேருகிறார்கள். சாமி வந்தால் ஊரும் வரும். மணலில் வரிசையாக நிற்கும் சாமி வாகனங்களுக்கு நடுவே பாய் விரித்துப் புளிசாதத் தூக்கைத் திறக்கிற குடும்பங்களைப் பார்த்தால் தெரியும், இவர்கள் முதல்முறை வந்தவர்கள் அல்ல. எந்தப் பக்கம் நிழல் விழும், எந்த இடத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாம், கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே வந்து நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பாட்டி பேரனின் கையைப் பிடித்து முதல் அலையைக் காலில் வாங்க வைக்கிறாள். அவளை அவள் பாட்டி அப்படித்தான் நிறுத்தியிருப்பாள். கிட்டெல்சனும் கிராம்ப்டனும் சொன்ன ஐந்தாவது காரணம் இங்கே பல தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது.

கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலும் இப்படித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, அடர்ந்த கோயில்காட்டுக்குள் இருக்கும் மஞ்சனீஸ்வரர் ஐயனாரைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள் காதுகுத்துக்கும் மொட்டைக்கும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கோயிலை முடித்துக்கொண்டு கடலுக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். இவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று எந்தத் துறையும் நினைப்பதில்லை. ஆனால் இந்தக் கரைக்கு மறுமுறை வருகிறவர்களில் உறுதியானவர்கள் இவர்களே.

பழைய காலத்துக்கும் போகலாம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இதே மண்ணைப் பற்றியது. நல்லூர் நத்தத்தனார் அதில் பாடும் நல்லியக்கோடன் ஓய்மானாட்டை ஆண்டவன். அவனுடைய ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக் கிடங்கல். வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம் என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். கடற்கரை ஊரில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவார்கள், அடுத்த ஊரில் சூடான சோறு கிடைக்கும், அதற்கடுத்த ஊரில் நண்டுக் கலவை கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறான். இன்றைய ஆய்வுகள் விசுவாசத்தை அளக்க இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கின்றன: மறுபடி வருவீர்களா, மற்றவரிடம் சொல்வீர்களா? அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியிருக்கிறார். அதில் பாணன் சொல்வதில் பெரும்பகுதி வழியில் மனிதர்கள் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதும், என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதும்தான்.

கடற்கரைப் பயணத்துக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் முடிவுதான் அதன் மோசமான பகுதி. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீரைச் சற்றே சூடேற்றி மேலும் 30 விநாடி வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்ட சோதனையையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை கூடுதல்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு உச்சத்தையும் முடிவையும் வைத்தே கணக்குப் போடுகிறது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பொம்மையார்பாளையத்திலோ ஆரோ கடற்கரையிலோ வைத்துப் பாருங்கள். அலையில் இருந்தவரை சந்தோஷம். வெளியே வந்ததும் உடம்பெல்லாம் உப்பும் மணலும். குளிக்க நல்ல தண்ணீர் இல்லை. இரண்டு பெண்கள் ஒரு சேலையின் இரு முனைகளைப் பிடித்து மறைப்புக் கட்ட, மூன்றாமவள் அதற்குள் குனிந்து அவசர அவசரமாக உடை மாற்றுகிறாள். காற்று சேலையைத் தூக்குகிறது. தூரத்தில் நிற்கும் இளைஞர் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புகிறது. பிடித்திருப்பவள் பல்லைக் கடித்துக்கொண்டு சேலையை இன்னும் இறுக்குகிறாள். அப்புறம் ஈரத் துணிமூட்டையோடு வேனில் ஏறினால் திண்டிவனம் வரை நெரிசல். அந்தப் பயணத்தின் நினைவு எங்கே போய் முடிகிறது? மூன்று மணி நேர அலையை அந்தக் கடைசி அரை மணி நேரம் அழித்துவிடுகிறது.

ஆகவே ஒரு கடற்கரையில் முதலில் கட்டவேண்டியது பூட்டு சரியாக விழுகிற உடைமாற்றும் அறை, நல்ல தண்ணீர் வரும் குளியல் குழாய், துப்புரவாக வைத்திருக்கிற கழிப்பறை. அதைக் கழுவுகிறவருக்குச் சரியான சம்பளமும் வேண்டும். கட்டிவிட்டுப் பூட்டி வைத்த கழிப்பறைகள் தமிழ்நாட்டில் ஏராளம். படம் பிடித்துக்கொள்ள வைக்கும் ஊர்ப்பெயர்ப் பலகையும் செயற்கை நீரூற்றும் முதல் வருகைக்கு உதவலாம், மறுவருகைக்கு உதவாது.

அடுத்தது உயிர். வங்கக் கடலின் இந்தக் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகும். அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் உண்டு. புதுச்சேரியைச் சுற்றியுள்ள கரைகளில் வெளியூர் மாணவர்கள் மூழ்கி இறந்த செய்தி இல்லாத ஆண்டு இல்லை. குப்பத்து மீனவர் ஒருவர் கரையில் நின்று பார்த்தாலே இன்று எங்கே இறங்கக்கூடாது என்று சொல்லிவிடுவார். அந்த அறிவைச் சம்பளம் கொடுத்துப் பயன்படுத்தவேண்டும். குப்பத்து இளைஞர்களை உயிர்காக்கும் காவலர்களாக நியமித்துக் கொடி நட்டுக் கரையைப் பிரித்துவிட்டால் பெற்றோரின் பயம் பாதி குறையும். பயந்துகொண்டே குளித்த இடத்துக்கு யாரும் பிள்ளைகளோடு திரும்ப வரமாட்டார்கள்.

இந்த அடிப்படைகளை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தரும் நீலக்கொடிச் சான்றிதழ் 2021இல் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்துக்கும், புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிவு மேலாண்மை, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று 33 நிபந்தனைகள். ஒவ்வோர் ஆண்டும் மறுபடி நிரூபித்தால்தான் கொடி பறக்கும். இந்த ஆண்டுதோறும் நிரூபிக்கும் ஏற்பாட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். திறப்பு விழாவோடு கை கழுவிவிட முடியாது. தமிழக அரசு அடுத்து நீலக்கொடிக்கு முயலப்போவதாக அறிவித்த கடற்கரைகளில் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டும் ஒன்று.

சான்றிதழ் தராத ஒன்றும் இருக்கிறது. அது மனித முகம். தந்திராயன்குப்பத்தின் செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடுத்த ஆண்டும் அதே ஆசிரியரைத் தேடி வருகிறார்கள். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி இதே மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் பலர் ஒரே விடுதிக்கு, ஒரே சைக்கிள் கடைக்கு ஆண்டுக்கு ஆண்டு திரும்புகிறவர்கள். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் வந்துவிட்டால் அப்புறம் அந்த இடம் வெளியூர் இல்லை. வறுத்த மீனுக்கு ஆளைப் பார்த்து விலை சொல்கிற கடைக்காரர் ஒரு நாள் லாபத்துக்காகப் பத்து வருகைகளை இழக்கிறார். விலைப்பட்டியலை எழுதி மாட்டுவது சின்ன விஷயம்தான், ஆனால் அதைவிட மலிவான விளம்பரம் வேறு இல்லை.

மதுவுக்காகத் திரும்பத் திரும்ப வருகிற கூட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் விலை குறைவு என்பதற்காக வரும் இளைஞர்கள் வழியிலுள்ள கரைகளில் இறங்குகிறார்கள். உடைந்த பாட்டில் மணலில் புதைகிறது. எண்ணிக்கைப்படி இவர்களும் மறுமுறை வருவோர்தான். ஆனால் இவர்கள் வரும் கரைக்குக் குடும்பங்கள் வருவதில்லை. வருகைகளை எண்ணும் அரசுப் புள்ளிவிவரத்தில் இந்த வேறுபாடு தெரியாது. தலைகளைக் கூட்டுகிறார்களே தவிர, யார் எத்தனையாவது முறை, எதற்காக வந்தார் என்று கேட்பதில்லை.

இனி, ஜாங்கும் ஃபெங்கும் சொன்ன புதுமை. மனநிறைவோடு போனவர்கூட இரண்டு மூன்று ஆண்டு கழித்து வரவேண்டுமானால் பார்க்காமல் விட்டது ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். இந்த வகையில் விழுப்புரத்துக் கரைக்கு இருக்கும் சொத்து வேறு எந்தக் கரைக்கும் எளிதில் வாய்க்காது. மரக்காணத்து உப்பளங்கள் கோடையில் கண் கூசும் வெண்மையில் கிடக்கும். வெயில் ஏறுமுன் வந்து உப்பு வாரும் பெண்களின் உழைப்பைப் பார்த்த பிள்ளைக்குச் சாப்பாட்டு இலையின் ஓரத்து உப்பு வேறு மாதிரி தெரியும். காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணம் பக்கம் வந்துதான் முடிகிறது. கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பனிக்காலத்தில் பூநாரை முதல் எத்தனையோ வலசைப் பறவைகள் அங்கே இறங்கும்.

வடக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் கையில் இடிபட்டது. 2004 சுனாமி மிச்சத்தையும் உலுக்கியது. மேற்கே திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற பெயரில் சேர்ந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது அது ஒன்றுதான். இவ்வளவும் ஒரு நாள் வட்டத்துக்குள் கிடக்கின்றன. ஆனால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் ஒருவருக்கு இவற்றை இணைத்துச் சொல்ல ஆளும் இல்லை, பலகையும் இல்லை. காலையில் செஞ்சி, மாலையில் மரக்காணம் என்று ஞாயிறுதோறும் ஒரு பேருந்து விடுவதில் என்ன கஷ்டம் இருக்கமுடியும்? எந்த மாதம் எதைப் பார்க்கலாம், எந்த மாதம் வரக்கூடாது என்பதையும் சொல்லலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வடகிழக்குப் பருவத்தில் இங்கே கடல் வேடிக்கைப் பொருள் இல்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. மணல். மறுமுறை வருகிறவர் அதே கரைக்கு வருகிறார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கரை அங்கே இருக்கவேண்டுமே! இந்தக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன, வடகிழக்குப் பருவத்தின் சில மாதங்கள் மட்டும் தெற்கே. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டவேண்டும் என்ற ஏற்பாடு முறையாக நடக்கவில்லை. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. கல் கொட்டிக் கரையைக் காப்பாற்ற முயன்ற ஒவ்வொரு இடத்துக்கும் வடக்கே உள்ள அடுத்த ஊர் மணலை இழந்தது. அப்படியே அரிப்பு எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துத் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது. படகு நிறுத்த இடமில்லை, வலை காயவைக்க இடமில்லை, வீடுகளின் வாசலில் கடல். பழைய வாடிக்கையாளர்கள் செரினிட்டிக்கு வந்து கல்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

இதை மாற்றவே முடியாது என்பதில்லை. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். ஒரு தலைமுறை பார்த்திராத மணல் அங்கே திரும்பியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து "நான் சின்ன வயசுல இங்கதான் விளையாடினேன்" என்று காட்டுகிறவர்களை அந்தக் கரையில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நகரத்தின் முகப்புக்குச் செய்ததை வடக்கேயுள்ள குப்பங்களுக்கு யாரும் செய்யவில்லை. அங்கே இன்னும் கல்தான் கொட்டப்படுகிறது.

கீழ்ப்புத்துப்பட்டு பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கே இன்னும் அகலமான மணல் உண்டு. நீலக்கொடிக்காக அங்கே கழிப்பறையும் குளியலறையும் மூங்கில் குடைகளும் வரும்போது, அரிப்பு ஆண்டுக்கு எத்தனை மீட்டர் வடக்கே நகர்கிறது என்ற அளவீடும் அதே திட்ட அறிக்கையில் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். துறைமுக வாயில் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுசேர்க்கும் வேலையைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் ஓர் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளவேண்டும். மணல் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை, இரண்டு அரசுகளின் கோப்புகள்தான் நிற்கின்றன.